ஆ காட்டு

"வெறும் தொண்டைவலிதானே" என்று என் முன்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் சண்டைக்குப் போவேன். முன்பின் தெரியாதவர்களிடமும் போயிருக்கிறேன். ஒரு தடவை லோக்கல் ரயிலில், செம்பூரில் ஏறிய ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "பிள்ளைக்குத் தொண்டைவலி, காய்ச்சல். பக்கத்து வீட்டுப் பையனுக்கும் இருந்துச்சு. தானா போயிடும்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். "தானா எதும்மா போகும்? பிள்ளைதான் போகும்" என்று என் வாய் சொல்லிவிட்டது. அவள் அரண்டுபோய் எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டாள். கரிநாக்கு என்று மனசுக்குள் திட்டியிருப்பாள். திட்டட்டும். எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. தாராவியில் எங்களுக்கு ஒரு கோலி. கோலி என்றால் ஒற்றை அறை. அதற்குள்ளேயே அடுப்பு, அதற்குள்ளேயே படுக்கை, மூலையில் செங்கல் கட்டி மறைத்த குளிக்கிற இடம். அப்பா விக்ரோலியில் ஒரு கம்பெனியில் கடைசல் மிஷினில் வேலை பார்த்தார். எனக்குப் பன்னிரண்டு வயது, தங்கச்சிக்கு ஏழு. பக்கத்துக் கோலியிலும் எங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள்தான், முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டுக்காரருக்குத் தோல் கிடங்கில் வியாபாரம். அவர் மனைவியை நாங்கள் சாச்சி என்று கூப்பிடுவோம், அவர்கள் சொந்தக்காரப் பிள்ளைகள் கூப்பிடுகிற மாதிரியே. நடுவில் ஒரு தகரச் சுவர். இந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள்.

சாச்சிக்கு ஒரே மகள். அவளும் என் தங்கச்சியும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பள்ளிக்கூட வாசலில் பர்ஃப் கோலா வண்டி நிற்கும். ஐஸைச் சீவிக் குச்சியில் பிடித்து, சிவப்புச் சாயத் தண்ணீர் ஊற்றித் தருவான். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கோலாதான் வாங்குவார்கள். இவள் ஒரு உறிஞ்சு, அவள் ஒரு உறிஞ்சு. வீட்டுக்கு வந்ததும் நாக்கை நீட்டி யாருடையது அதிகச் சிவப்பு என்று என்னிடம் தீர்ப்புக் கேட்பார்கள். நான் எப்போதும் என் தங்கச்சிக்கே ஜெயம் கொடுப்பேன். அந்தப் பிள்ளை அதற்காக ஒரு நாளும் கோபப்பட்டதில்லை.

முதலில் படுத்தது சாச்சி மகள்தான். தொண்டையில் எச்சில் விழுங்க முடியவில்லை, மேலெல்லாம் அனல். சாச்சி அவளைத் தூக்கிக்கொண்டு மாட்டுங்காவில் இருந்த ஒரு தமிழ் டாக்டரின் தவாக்கானாவுக்குப் போனாள். பம்பாயில் கிளினிக்கை அப்படித்தான் சொல்வோம். ஊசி போட்டு, மாத்திரையும் கொடுத்து, "இவ யார்கூடச் சாப்பிடறா, யார்கூட விளையாடறா?" என்று அவர் விசாரித்திருக்கிறார். சாச்சி திரும்பி வந்து தன் வீட்டுக்குள் போகவில்லை. நேரே எங்கள் வாசலுக்குத்தான் வந்தாள்.

"எக்கா, டாக்டர் சொல்லிவிட்டாரு. இது ஒட்டிக்கிடுமாம். ஒங்க சின்னவளைக் கொஞ்ச நாளு பாத்துக்கிடணுமாம். தம்ளரு கிம்ளரு தனியா வச்சிருங்க. அவளுக்கும் தொண்டை வலிச்சாலோ காய்ச்சல் அடிச்சாலோ அன்னைக்கே கூட்டிட்டு வரச் சொன்னாரு. நாளைக்குப் பாப்போம்னு இருக்கக் கூடாதாம்."

அம்மா அதைக் கேட்காதவள் இல்லை. இதை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிற்பாடு தெருவே அவளைக் கூறுகெட்டவள் என்றது. அம்மா அன்றைக்கே தங்கச்சிக்குத் தம்ளரைப் பிரித்தாள், தட்டைப் பிரித்தாள். காலையில் எழுந்ததும் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தபோது, "ஏட்டி, கிளம்பு, டாக்டர்கிட்ட போயிட்டு வந்துருவோம்" என்று சட்டை மாற்றிவிடக்கூட உட்கார்ந்தாள். பழைய கவுனைத் தலை வழியாகக் கழற்றினாள். கழற்றிய கை அப்படியே நின்றுவிட்டது.

கழுத்திலும் நெஞ்சிலும் பொரிப்பொரியாகச் செந்நிறம். அம்மா விரலால் தடவிப் பார்த்தாள். நானும் தடவினேன். மணலைக் கொட்டிய தரை மாதிரி நறநறவென்று இருந்தது. அம்மா கையைச் சடாரென்று எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தாயே! மணல்வாரியில்லா போட்டுருக்கு. ஆத்தா, வந்துட்டியா தாயே! மஞ்சத்தண்ணி குளிச்சிட்டு எறங்கிரும்மா!"

அவ்வளவுதான். டாக்டரிடம் போவது அந்த இடத்திலேயே நின்றுபோனது. மணல்வாரி ஒரு வகை அம்மை. எங்கள் ஆட்களுக்கு அம்மை என்பது நோய் இல்லை. வீட்டுக்கு மாரியாத்தா வந்திருக்கிறாள். வந்தவளுக்கு மருந்து கொடுத்தால், ஊசி குத்தினால், அது அவளை அவமானப்படுத்துவது. அவள் கோபித்துக்கொண்டால் கண் போகும், உயிர் போகும். அப்பா எங்கிருந்தோ வேப்பிலைக் கொத்து ஒடித்துக்கொண்டு வந்து நிலையில் செருகினார். எண்ணெய்ச் சட்டி கீழே இறங்கியது. தாளிப்பு இல்லை, தலை சீவுதல் இல்லை, துணி வெளுப்பு இல்லை. வெளியாள் யாரும் வாசல் மிதிக்கக் கூடாது. தங்கச்சியை வேப்பிலை பரப்பிய பாயில் கிடத்தி, இளநீரும் கூழும் கொடுத்து, வேப்பிலையாலேயே தடவிக்கொடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

சாச்சி என்ன செய்தாள் தெரியுமா? தகரச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "எக்கா, எங்க வீட்டு மீன்சட்டியக் கழுவிக் கவுத்திட்டேன். தண்ணி ஊத்துற வரைக்கும் இங்கனயும் தாளிக்க மாட்டோம்" என்று சொன்னாள். சொன்னபடி அவர்கள் வீட்டிலும் வெறும் கஞ்சிதான். அவள் கும்பிடாத சாமிக்காக அவள் வீடும் எங்களோடு சேர்ந்து விரதம் இருந்தது. ஆனால் அதே சாச்சி வாசலுக்கு வெளியே நின்று சொன்ன ஒரு வார்த்தையை அம்மா ஏற்கவில்லை.

"எக்கா, கோவப்படாதிய. எம்பிள்ளைக்கும் ஊசி போட்ட அன்னைக்கு மேலெல்லாம் இப்பிடித்தான் கெடந்துச்சு. நானும் அம்மைன்னுதான் நெனச்சேன். டாக்டர்தான் இல்லைன்னாரு. தொண்டையில உள்ள கிருமி பண்ணுற வேலையாம். ரெண்டும் ஒரே குச்சியத்தான எக்கா சப்பிச்சு?"

"ஏளா, ஒங்களுக்கு அது காய்ச்சலு. எங்களுக்கு அது ஆத்தா. அவளைப் போயி கிருமிங்கிய. வாயக் கழுவு!"

சாச்சி முகம் செத்துப்போனது. ஆனால் அவள் விடவில்லை. தோல் கிடங்கில் யாரையோ பார்க்க டாக்டர் வந்தபோது, அவரை மறித்துக் கையோடு எங்கள் வாசலுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் பையும் கையுமாகச் சகதிக்குள் நின்றார். அம்மா வேப்பிலைக்குக் கீழே, நிலையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, வாசலை அடைத்து நின்றாள்.

"அம்மா, நான் ஊசி போட வரலை. வாயைத் திறந்து ஒரு தரம் பார்த்துட்டுப் போயிடறேன். மணல்வாரி அம்மைன்னா இருமும், மூக்கு ஒழுகும், கண்ணு சிவக்கும். உங்க பொண்ணுக்கு அதெல்லாம் இருக்கா சொல்லுங்கோ."

"டாக்டரய்யா, தப்பா நெனைக்காதிய. ஆத்தா எறங்குற வரைக்கும் வேத்தாளு உள்ள வரப்பிடாது. தண்ணி ஊத்துனதும் நானே கூட்டிட்டு வாரேன்."

அவர் உள்ளே எட்டிப் பார்க்க முயன்றார். பாயில் கிடந்த என் தங்கச்சி, டாக்டர் சொன்னது காதில் விழுந்து, தானாகவே வாயைப் பெரிதாகத் திறந்து, நாக்கை நீட்டிக் காட்டினாள். கோலாச் சிவப்பைக் காட்டுகிற மாதிரியே. அம்மா நின்ற நிழலில் அவருக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

அப்பா வீட்டுக்குள்தான் இருந்தார். அவரைப் பார்த்து டாக்டர், "நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்றார். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, "பாப்போங்கய்யா" என்றார். இந்தப் 'பாப்போம்' என்ற சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் தெரு ஆம்பிளைகள் எந்தக் காரியத்தையும் இதை வைத்தே முடித்தார்கள். எதைப் பார்த்தார்கள், அட போங்கள்! டாக்டர் போகும்போது சொன்னார்: "தண்ணி ஊத்தினப்புறமாவது அவசியம் அழைச்சுண்டு வாங்கோ. காய்ச்சல் விட்டுடுத்து, தொண்டை ஆறிடுத்துன்னு இருந்துடாதேங்கோ. அதுக்கப்புறமும் அது உள்ளே வேலை பண்ணும்."

காய்ச்சல் விட்டது. வெயிலில் வைத்த மஞ்சள் தண்ணீரில் வேப்பிலை போட்டுத் தலைக்கு ஊற்றினார்கள். தங்கச்சி புதுக் கவுன் போட்டுக்கொண்டு குதித்தாள். விரல் நுனியில் தோல் சுருள் சுருளாக உரிந்தது. "அம்மை தழும்பில்லாம எறங்கிட்டா, பாத்தியா!" என்று அம்மா பூரித்துப்போய் மாரியம்மன் கோயிலுக்கு மாவிளக்குக் கொண்டுபோனாள். சாச்சி சுவருக்கு அப்பால் இருந்து, "எக்கா, டாக்டர்கிட்ட ஒரு எட்டு..." என்று ஆரம்பித்தாள். "ஓடியாடித் திரியுத பிள்ளைய எதுக்குளா ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்?" என்றாள் அம்மா. நல்லா இருக்கிற பிள்ளையை யார்தான் டாக்டரிடம் கொண்டுபோவார்கள்? அந்த இடத்தில்தான் நாங்கள் அத்தனை பேரும் விழுந்தோம்.

சில வாரம் கழித்து அவளுக்கு முட்டு வீங்கியது. மறுநாள் அது வடிந்து கணுக்கால் வீங்கியது. அப்புறம் மணிக்கட்டு. "வளருத பிள்ளைக்கு அப்பிடித்தான், எலும்பு நீளுதுல்லா" என்று தெருவில் சொன்னார்கள். அம்மா நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். கோயில் வாசலில் வெள்ளித் தகட்டில் கால், கை, கண் என்று செய்து விற்பார்கள். கால் ஒன்றும் கை ஒன்றும் வாங்கி உண்டியலில் போட்டாள். வீக்கம் போனது. ஆத்தா கண் திறந்துவிட்டாள் என்றாள் அம்மா.

பிறகு ஒரு நாள் குழாயடியிலிருந்து சின்னக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவள் பாதி வழியில் குடத்தை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயால் மூச்சு வாங்கினாள். "ஏட்டி, நடிக்காத, எந்திரி" என்று அம்மா அதட்டினாள். அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. சாச்சிதான் ஓடிவந்து மடியில் போட்டுக்கொண்டு, நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். வைத்த கையை எடுக்காமலே அம்மாவைப் பார்த்து, "எக்கா, வாங்க. இப்ப வாங்க" என்றாள். ரெண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு மாட்டுங்காவுக்கு ஓடினார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

டாக்டர் தங்கச்சியின் நெஞ்சில் குழாயை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்தார், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்புறம்தான் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். வாசலை அடைத்து நின்றவளை அவருக்கு ஞாபகம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் "அன்றைக்கே சொன்னேனே" என்று அந்த மனுஷன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அம்மாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும், எதிர்த்துப் பேச ஒரு வார்த்தையாவது கிடைத்திருக்கும்.

"தொண்டையில வந்தது ஆறிப்போச்சும்மா. ஆனா அது விட்டுட்டுப் போன வினை இது. முதல்ல முட்டியில இறங்கித்து, இப்ப இருதயத்தைத் தொட்டுடுத்து. உள்ளே ஒரு கதவு சரியா மூடலை" என்றார். "இனிமே மாசா மாசம் ஊசி. தவறவே கூடாது. இன்னொரு தரம் அதே தொண்டைவலி வந்தா, இருக்கற இருதயமும் கெட்டுப்போயிடும். தினம் தொண்டையைப் பாருங்கோ. கொஞ்சம் சிவப்பா இருந்தாலும் ஓடி வந்துடுங்கோ."

திரும்பி வரும் வழியில் அம்மா மாரியம்மன் கோயில் முன்னால் நின்றாள். கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. "ஒன்ன நம்பித்தான கதவ அடைச்சேன்?" என்று கேட்டாள். சத்தம் போட்டெல்லாம் கேட்கவில்லை, குழாயடியில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். அப்புறம் அந்த வாசலில் விற்கிறவனிடம் போய், "நெஞ்சுக்கு ஒண்ணு இருக்கா?" என்றாள். அவன் தேடிப் பார்த்துவிட்டு, "நெஞ்சு தனியா இல்லம்மா. முழு ஆளா வாங்கிப் போடுங்க" என்றான். முழு ஆளாகவே வாங்கிப் போட்டாள்.

மறுநாளிலிருந்து தொடங்கியது அது. காலையில் கதவைத் திறந்ததும், தங்கச்சியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, தாடையைப் பிடித்துத் தூக்கி, "ஆ காட்டு" என்பாள் அம்மா. கரண்டிக் காம்பால் நாக்கை அமுக்கிப் பார்ப்பாள். மழையோ வெயிலோ, நல்ல நாளோ கெட்ட நாளோ, ஒரு காலைகூடத் தப்பாது. "சுத்தமா இருக்கு" என்று சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் அடுப்புப் பற்றும். தெருவில் எந்தப் பிள்ளை இருமினாலும் பிடித்து நிறுத்தி, "ஆ காட்டுல" என்பாள். பிள்ளைகள் அவளைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடும். "பிள்ளைக்கு நோவுன்னு பாத்தா, இங்க தாய்க்குல்லா பேய் பிடிச்சிருக்கு" என்று ஒரு கிழவர் கேலி பேசினார். நான் அவர் மேல் ஒரு வாளி அழுக்குத் தண்ணீரை ஊற்றினேன். அப்பா என்னை அடித்தார். பிறகு அவரே அழுதார்.

சாச்சி மகள் ஓடுவதை விட்டுவிட்டாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. என் தங்கச்சியின் பையையும் சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நடைக்கே நடப்பாள், அவள் நின்றால் நிற்பாள். அந்தப் பிள்ளைக்கு அதே தொண்டைவலிதான் வந்தது. ஊசி போட்டார்கள், மாத்திரையை முடிக்கிற வரைக்கும் கொடுத்தார்கள், போய்விட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் பொங்கும். அவள் மேல் இல்லை. யார் மேல் என்று கேட்டால் எனக்கே தெரியாது. சாச்சி மட்டும் கடைசிவரை ஒரு சொல் குத்திக்காட்டவில்லை. அம்மாதான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், சுவரைப் பார்த்தே பேசினாள்.

மாச ஊசி ஒன்றுகூடத் தவறவில்லை. தொண்டை ஒரு நாளும் சிவக்கவில்லை. இருந்தும், முதலில் பட்ட அடியே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. பதினோரு வயதில், ஒரு மழைக்காலத்தில், கால் வீங்கி, வயிறு வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தே கிடந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கடைசியில் பேச்சும் நின்றுவிட்டது. காலையில் ஜன்னல் வெளிச்சம் கட்டிலில் விழுந்தது. வாயை ஈரத்துணியால் துடைப்பதற்காக அம்மா அவள் மேல் குனிந்தாள். தங்கச்சி கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். மெதுவாகத் தலையை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, வாயைத் திறந்து, நாக்கை நீட்டினாள்.

அம்மா பார்த்தாள். "சுத்தமா இருக்கு ராசாத்தி. ஒண்ணுமே இல்ல" என்றாள்.

அன்று மத்தியானம் அவளைக் கோலிக்குக் கொண்டுவந்தோம். மழை விடவில்லை. தெருப் பெண்கள் வந்து ஒப்பாரி வைத்தார்கள். அப்பா வெளியே தகரத்துக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். அம்மா தலைமாட்டில் இருந்தாள், அழவில்லை. "அழுதுருளா, நெஞ்சு வெடிச்சிரும்" என்று உலுக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. சாச்சி மகள் கால்மாட்டில் விழுந்து, தங்கச்சியின் வீங்கிய பாதங்களைக் கட்டிக்கொண்டு கத்திக் கத்திக் கதறினாள். கதறிக் கதறி அவள் குரல் கட்டிப்போனது. வெறும் காற்றுதான் கரகரவென்று வந்தது.

அந்தக் கரகரப்பு அம்மா காதில் விழுந்தது. எழுந்தாள். பெண்களை விலக்கிக்கொண்டு போய், அந்தப் பிள்ளையைத் தூக்கி நிறுத்தி, வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்து, தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"ஆ காட்டு."

ஒப்பாரி நின்றுவிட்டது. பிள்ளை தேம்பிக்கொண்டே வாயைத் திறந்தாள். அம்மா உற்றுப் பார்த்தாள். சாச்சி பக்கம் திரும்பினாள்.

"செவந்துருக்கு. ஏளா, செவந்துருக்குளா! இங்கன என்ன பாத்துட்டு நிக்க? டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. நாளைக்குன்னு நெனைக்காத. இப்பமே போ, எந்தாயில்லா, இப்பமே போ!"

காலையிலிருந்து அழுத தொண்டை சிவக்காமல் என்ன செய்யும்? அது சாச்சிக்குத் தெரியாதா? அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். யாரோ அம்மாவைப் பிடிக்க வந்தார்கள். சாச்சி அவர்களைக் கையால் தடுத்தாள். "இந்தா போறேன் எக்கா" என்றாள். முக்காட்டை இழுத்து மகள் தலைக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு, அந்த மழையில் இறங்கி, மாட்டுங்காவைப் பார்த்து நடந்தாள்.